ஈஸ்ட் காக்கிற வீடுகள்

நோர்வேயின் வொஸ் பக்கத்தில் வீட்டில் பியர் காய்ச்சப் போகிறவர் முதலில் கையில் எடுப்பது கத்தரிக்கோலும் கயிறும்தான். ஆடுகள் மேய்கிற சரிவில் யூனிப்பர் புதர்கள் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து கிடக்கின்றன. அவற்றில் ஒரு கட்டுக் கிளை வெட்டிக்கொண்டு வரவேண்டும். இலையெல்லாம் ஊசி, தடித்த கையுறையையும் தாண்டிக் குத்துகிறது. நவம்பர் கடைசி என்பதால் கிளைகளில் பனி உறைந்திருந்தது. பழுப்பேறியவற்றைப் பெரியப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தார். பச்சை நுனிதான் வேண்டும், முதிர்ந்த கட்டை கசப்பைத் தரும் என்றார்.

பெரியப்பா என்றது, பேர்கனில் என்னோடு வேலை செய்யும் நோர்வேப் பொடியன் ஒருவனின் பெரியப்பாவை. எழுபதைத் தாண்டிய ஆட்டுப் பண்ணைக்காரர். வொஸ் பேர்கனிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். நத்தாருக்கு பியர் காய்ச்சப் போகிறோம், வந்து கைகொடு என்று பொடியன் கூப்பிட்டான். கைகொடு என்றதன் பொருள், வாளி தூக்கு என்பது.

நத்தார் பியர் இங்கே விளையாட்டுக் காரியமாக இருந்ததில்லை. மேற்கு நோர்வேயின் பழைய குலாதிங் சட்டம் அதை விவசாயியின் கடமையாகவே வைத்திருந்தது. காய்ச்சாதவர் ஆயருக்குத் தண்டம் கட்டவேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் காய்ச்சாவிட்டால் காணி பூமியே போய்விடும். இன்றைய சட்டம் வேறு மாதிரி. 4.7 சதவீதத்துக்கு மேலான மதுவைப் பலசரக்குக் கடையில் வைக்க முடியாது. 1922இல் தொடங்கிய அரசின் வின்மொனொபொலே கடையில்தான் வாங்கவேண்டும். வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம். ஆனால் விற்காத வரையில், வீட்டுத் தேவைக்கு பியர் காய்ச்சலாம். பெரியப்பாவின் பியர் ஏழு, எட்டு சதவீதத்துக்குப் போகும்.

வீட்டுக்கு வெளியே தனியாக ஒரு பழைய குசினி நிற்கிறது. எல்ட்ஹூஸ் என்பார்கள். உள்ளே அடுப்பில் பெரிய செப்புக் கிடாரம். நான் போய்ச் சேர்ந்தபோது பேர்ச் விறகு ஏற்கெனவே பிடித்து எரிந்துகொண்டிருந்தது. யூனிப்பர் கிளைகளில் பாதியைக் கிடாரத்துத் தண்ணீரில் அமிழ்த்திக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தார்கள். மீதிப் பாதியை ஒரு மரத்தொட்டியின் அடியில் பரப்பினார்கள். அதுதான் வடிகட்டி. அதன்மேல் மோல்ட்: முளைகட்டி உலர்த்தி ஒன்றிரண்டாக உடைத்த பார்லி. முந்திய காலத்தில் பார்லியைப் பண்ணையிலேயே முளைகட்டினார்களாம். இப்போது சாக்கில் வாங்குகிறார்கள்.

வாளி வாளியாகச் சுடுநீரை மொண்டு தொட்டியில் ஊற்ற, பெரியப்பா நீண்ட துடுப்பால் துழாவினார். கட்டி விழக்கூடாது. வெப்பம் 72 பாகையில் நிற்கவேண்டும். அந்தச் சூட்டில் தானியத்தின் மாச்சத்து சர்க்கரையாக உடைகிறது. இதைவிட அதிகமாக ஏறினால் அந்த வேலையைச் செய்கிற நொதியங்கள் செத்துவிடும். தொட்டியைப் பழைய கம்பளிகளால் மூடிவிட்டு உட்கார்ந்தோம். இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்கவேண்டிய நேரம். கோப்பி வந்தது, பேச்சும் வந்தது.

உங்கள் ஊரில் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளைச் சொன்னேன். பாளையைச் சீவி முட்டி கட்டுவதையும், யாரும் ஈஸ்ட் போடாமலே மரத்தில் தொங்கும்போதே அது பொங்கத் தொடங்குவதையும் விளக்கினேன். ருசி, விலை, போதை எதுவும் அவர் கேட்கவில்லை. "முட்டியைக் கழுவுவீர்களா?" என்றார். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் பொங்காது, இனிப்பாகக் கருப்பநீர் கிடைக்கும். தடவாவிட்டால் கள் என்றேன். தலையாட்டினார். இரண்டு தொழிலுக்கும் நடுவே அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தொட்டியின் அடியிலிருந்த மரத்தக்கையை மெல்லத் தளர்த்தினார்கள். கிளைகளுக்கு ஊடாக வடிந்து வந்தது பாகுபோல் இனிக்கிற நீர். அதைத் திரும்பவும் கிடாரத்தில் ஊற்றி, ஒரு சிறு துணிப்பையில் ஹொப்ஸ் பூக்களைக் கட்டிப் போட்டு, நான்கு மணித்தியாலம் கொதிக்க வைக்கிறார்கள். மற்ற நாடுகளில் பியர் காய்ச்சுகிறவர்கள் ஒரு மணித்தியாலத்தோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே வற்ற வற்றத்தான் நிறமும் கனமும் ஏறும். காலையில் வைக்கோல் நிறத்தில் இருந்தது, பிற்பகலில் செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. கொட்டிலின் உத்தரங்களில் நீராவி கரியோடு சேர்ந்து என் தோளில் சொட்டியது. நான் விறகு தள்ளினேன். பொடியன் கழுவினான். இந்தத் தொழிலில் கழுவுகிற வேலைக்கு முடிவே இல்லை. துடுப்பு, வாளி, குழாய், தொட்டி, திரும்பவும் வாளி. பெரியப்பா மட்டும் எதையும் கழுவவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஜாமுக்கும் கடுகு விழுதுக்கும் நடுவே, அந்தச் சிறு கண்ணாடிக் குடுவை இருந்தது. மூடியில் ஒட்டிய நாடாவில் போன தடவைத் திகதி. உள்ளே வெளிறிய பழுப்பு நிறத்தில் காய்ந்த சில்லுகள். ஒன்றைக் கையில் தந்தார். நகத்தால் அழுத்தியதும் பொடிந்தது. தோடம்பழத் தோலின் மணம் இலேசாக வந்தது. இதுதான் குவெய்க், இந்தப் பக்கத்துப் பண்ணைகள் தலைமுறையாகக் கைமாற்றி வைத்திருக்கிற ஈஸ்ட். பழைய காலத்தில் இதை உலர்த்த, துளைகள் போட்ட மரக்கட்டையும், சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையமும் வைத்திருந்தார்கள். பொங்கி முடிந்த ஈஸ்டில் அதைத் தோய்த்து உத்தரத்தில் தொங்கவிட்டால் அடுத்த காய்ச்சல் வரை கிடக்கும். பெரியப்பா பாவிப்பது வெதுப்பகத் தாள்.

நம்முடைய வீடுகளில் உறைமோர் தீர்ந்தால் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போவோமே, அதே ஏற்பாடுதான் இங்கேயும். ஒரு பண்ணையின் குவெய்க் புளித்துப்போனால் அடுத்த பண்ணையிடம் வாங்குவார்கள்; அந்த அடுத்த பண்ணை இரண்டு வருடம் முந்தி இவர்களிடம்தான் வாங்கியிருக்கும். ஆகவே யாருடையது மூலம் என்ற கேள்விக்கு இங்கே அர்த்தமில்லை. தன் ஈஸ்டின் இன்னொரு பங்கு சரிவுக்குக் கீழே உள்ள ஒரு அம்மாவின் உறைபெட்டியில் இருப்பதாகப் பெரியப்பா சொன்னார். காப்புறுதி அதுதான்.

செய்முறையை எழுதி வைத்துவிடலாம். கிடாரத்தை வாங்கிவிடலாம். ஈஸ்டை ஆட்கள்தான் காக்கவேண்டும், அதுவும் தனியாக ஒருவரால் முடியாது. நோர்வேயின் நடுப்பகுதியில் ஸ்தியோர்தால் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இன்றும் வீட்டுக்காரர்கள் தாங்களே பார்லி முளைகட்டி, ஆல்டர் விறகுப் புகையில் உலர்த்துகிறார்கள். அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் பொங்கவைக்கப் பெரும்பாலோர் போடுவது கடையில் வாங்கிய பாண் ஈஸ்ட். வொஸில் மோல்டை விட்டுவிட்டு ஈஸ்டை வைத்துக்கொண்டார்கள். எது பெரிய இழப்பு என்று என்னைக் கேட்டால், ஸ்தியோர்தால்காரரின் இழப்புத்தான் என்பேன். முளைகட்டுகிற முறையை யாரும் திரும்பக் கற்றுக்கொள்ளலாம். செத்துப்போன ஈஸ்டைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

கிடாரத்து நீர் ஆறுகிற நேரத்தில் ஒரு சாடியில் கொஞ்சம் எடுத்து, சில்லுகளைத் தூவிவைத்தார். ஓடைத் தண்ணீர் பாய்கிற செப்புச் சுருளால் மிச்சத்தைக் குளிர வைத்தோம். வெப்பமானி 39 பாகை காட்டியதும் நிறுத்தச் சொன்னார். பியர் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலும் 18 முதல் 22 பாகை என்றுதான் இருக்கும். அதற்கு மேலே போனால் பெயின்ற் கரைக்கிற திரவத்தின் நாற்றம் வரும் என்று எச்சரிப்பார்கள். குவெய்க்குக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. கறந்த பாலின் சூடு என்பதுதான் பண்ணைகளின் பழைய அளவு.

இதைப் பற்றி வெளியுலகம் கேள்விப்பட்டது அண்மையில்தான். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற நோர்வே மென்பொருள் பொறியாளர் 2014இல் வொஸ் வந்து, சிக்முண்ட் யேர்னெஸ் என்பவர் காய்ச்சுவதைப் பார்த்து எழுதினார். 2018இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு அவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, குவெய்க் மரபணுவிலேயே தனிக் கூட்டம் என்று காட்டியது. காட்டு ஈஸ்டுகள் பியருக்குக் கராம்பு மணத்தைக் கொடுக்கும்; குவெய்க் அந்த ஆற்றலை இழந்துவிட்டது. நல்ல பியரின் அடியை மட்டுமே எடுத்து வைத்த மனிதக் கைகளின் தடயம் அது. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் சாகாததற்கு ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை அது தாராளமாகச் சேர்த்து வைத்துக்கொள்வதும் உதவுகிறது என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது. யேர்னெஸ் வீட்டு ஈஸ்ட் இன்று வொஸ் என்ற பெயரோடு பைக்கற்றில் உலகம் முழுக்கப் போகிறது. பைக்கற்றில் வருவது அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு வகை. பண்ணைக் குவெய்க்கில் பல வகைகள் கூடி வாழும். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஒருத்தனைத்தானே கூட்டிப்போனார்கள், குடும்பம் இங்கேதான் இருக்கிறது" என்றார்.

ஈஸ்டை ஊற்றும்போது கத்தவேண்டும். நோர்வேப் பண்ணைகளின் பழைய வழக்கம். எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ அவ்வளவுக்கு பியர் ஏறுமாம். மூன்று பேரும் தொட்டிக்குள் தலையை நீட்டிக் கத்தினோம். நான் கத்திய சொல் இங்கே அச்சில் வரவேண்டியதில்லை. மூடி, கம்பளி சுற்றிவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை நின்றது.

வெள்ளிக்கிழமை இரவு ஊற்றியது, ஞாயிறு மத்தியானம் பியராகிவிட்டது. பெரியப்பா அதைச் சிறு பீப்பாய்களுக்கு மாற்றுவார், வாயு அதிகம் இல்லாமல் குடிப்பார். பொடியன் பேர்கன்காரன், அவனுக்குக் குமிழி வேண்டும், நண்பர்களுக்குக் கொடுக்கப் போத்தலும் வேண்டும். அவன் கம்பிப்பூட்டுப் போத்தல்களைக் கழுவி, ஒவ்வொன்றையும் விளக்கில் பிடித்து அடியைப் பார்த்தான். பிறகு மூக்கை வைத்தான். இரண்டைத் திரும்பக் கழுவப் போட்டான். லீற்றருக்கு ஆறு கிராம் சீனி என்று தராசில் நிறுத்து, சுடுநீரில் கரைத்து, பியரில் மெதுவாகக் கலந்தான். போத்தலுக்குள் மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று வாயுவை விடும். கை தவறி இரண்டு பங்கு போட்டால் போத்தல் வெடிக்கவும் கூடும். குழாயின் நுனி போத்தலின் அடியைத் தொட்டபடிதான் இருக்கவேண்டும். மேலிருந்து விழுந்தால் காற்றுக் கலந்து, சில வாரத்தில் நனைந்த மட்டையின் ருசி வந்துவிடும். நான் பூட்டுப் போட்டேன். ரப்பர் வளையம் சரியாக உட்காருகிறபோது ஒரு சத்தம் வரும். வராவிட்டால் அவன் திருப்பிக் கேட்பான்.

பீப்பாய்க்கு மாற்றுகிற நாளில் அயலவர்கள் ருசி பார்க்க வருவது முறை. ஒப்ஸ்கோக்கெ என்று பெயர். அவர்கள் வருமுன் பெரியப்பா தொட்டியின் அடியில் படிந்த குழம்பை அகப்பையால் அள்ளி, இரண்டு குடுவையில் பங்கிட்டார். ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு. மற்றது, சரிவுக்குக் கீழே உள்ள அந்த அம்மா வந்ததும் அவருடைய கோட்டுப் பைக்குள் போனது.

அந்த அம்மாதான் முதல் மிடறு குடித்தார். நல்ல இனிப்பும் நாவில் தோடம்பழக் கசப்பும் பின்னால் யூனிப்பரின் பிசினும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டிருக்க, அவர் கோப்பையைக் கீழே வைத்து, கொதி காணாது, இன்னும் அரை மணித்தியாலம் விட்டிருக்கவேண்டும் என்றார். மற்றொருவர் ஆமோதித்தார். விறகு ஈரமாக இருந்தது என்று பெரியப்பா என் பக்கம் பார்த்தார். அந்த விறகு போன வருடம் உன்னிடம் வாங்கியதுதானே என்று ஆமோதித்தவரிடம் கேட்டான் பொடியன். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவர்கள் பேசியது முழுக்க விறகைப் பற்றித்தான்.