காட்டிற்குரிய யாமம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. மலை சார்ந்த குறிஞ்சிக்கு அவர் வகுத்த சிறுபொழுது யாமம், அஃதாவது நள்ளிரவு. இலக்கணமென்று யாம் மனனஞ் செய்த இவ்விதி, இக்காலத்தே நாட்டுச் சட்டமாகவும் வழங்குதலை முதுமலையிற் கண்டேன்.

எம்மூர் நாமக்கல்லைச் சார்ந்த ஒரு சிற்றூர். கோழிப் பண்ணைகளும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுமே எங்கள் சமவெளியின் செல்வம். என் தந்தையார் கடன்பட்டு வாங்கிய சொந்த லாரியில் முட்டை ஏற்றி, கூடலூர் வழியாக மைசூர்ப் பக்கம் சென்று வருபவர். யான் வனங்காணப் புறப்பட்ட போது அவர் கூறியது இது: "பகல்லே பாக்கப் போறவனுக்கு அது காடு, கண்ணு, ராத்திரியிலே வந்து நிக்கறவனுக்கு அது கதவு."

சென்ற விடுமுறையில் மாணவர் அறுவர் உதகை வழியாகத் தெப்பக்காடு அடைந்தோம். முதுமலை 1940-ஆம் ஆண்டிலேயே விலங்குகளின் புகலிடமாக்கப்பட்டது. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. வனத்தின் உட்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். மாயாற்றின் கரையில் உள்ள முகாமில், கேழ்வரகும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்த கவளங்களை யானைகள் பாகர் கையினின்றே வாங்கி உண்டன. காட்டினுள் கால்நடையாகச் செல்ல அனுமதியில்லை. ஆதலின் வனத்துறையின் வண்டியில் மாலையில் சென்றோம். புள்ளிமான் கூட்டத்தையும், கரிய காட்டெருதுகளையும் கண்டோம். புலியைக் கண்டிலோம். திரும்பும் வேளையில் பிடியானைகள் மூன்று, ஒரு கன்றை நடுவிட்டுச் சாலையைக் கடந்தன. வண்டி நின்றது, எவரும் பேசவில்லை. என் தந்தையாரின் லாரி ஓடுவதும் அதே சாலைதான் என்ற எண்ணம் என் நெஞ்சை அழுத்திற்று.

முதுமலையை அடுத்த பந்திப்பூர்க் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலையில், 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை போக்குவரவு தடுக்கப்பட்டுள்ளது. இரவில் விரையும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டமையே இதற்குக் காரணம். ஒரு நாழிகை பிந்தி வருகின்ற ஓட்டுநர், இரவு முழுவதும் வண்டியிலேயே கிடக்க வேண்டும். "முட்டை ஓரிரவு தாங்கும், வண்டித் தவணை தாங்காது" என்பார் தந்தையார். எங்கள் இல்லத்தில் கல்லூரிச் சம்பளம் கட்டுவதும் அவ்வருவாயிலிருந்தே.

எனினும், அச்சட்டம் தவறென்று கூற என் மனம் இசையவில்லை. 104-ஆம் சங்கீதத்தைப் பாடிய பக்தனும், இருளை விலங்குகளுக்கும் பகலை உழைக்கும் மாந்தருக்கும் இறைவன் பகிர்ந்தளித்தமையை வியந்து போற்றுகின்றான். தென்னாப்பிரிக்காவில் 1926-இல் நிறுவப்பெற்ற குரூகர் தேசிய வனத்திலும், பொழுது சாயுமுன் பார்வையாளர் தத்தம் தங்குமிடஞ் சேர்தல் வேண்டும். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஆங்கு அடங்கி நிற்போர் இன்பப் பயணிகள். ஈண்டு நிற்போர் பிழைப்பிற்காக வழிநடப்போர்.

யானையும் புலியும் வாழ்வதனால் வரும் பயன் நாட்டார் அனைவருக்கும் உரியது. அதற்கான விலையை ஓட்டுநர் மட்டுமே இறுத்தல் நீதியன்று. காட்டின் இரு முனைகளிலும் நல்ல தண்ணீரும், கழிப்பறையும், உடல் நீட்டிப் படுக்க ஓரிடமும் அவர்களுக்கு அமைத்துத் தருதல் நம்மவர்க்கு அரிதன்று. இதனை யான் இல்லத்திற் கூறியபோது, தந்தையார் சற்று நேரம் பேசாதிருந்து, "கன்னுக்குட்டி எத்தனை உயரம் இருந்துச்சு?" என்று மட்டும் வினவினார்.

நண்பர்காள்! நீவிரும் அவ்வனத்திற்குச் செல்வீராயின், மான் கண்டு மகிழுங்கள். அந்தி கழிந்தபின் எல்லையில் வரிசையாக நிற்கும் லாரிகளையும் ஒருமுறை நோக்குங்கள். காட்டின் யாமத்தைக் காப்போருள் அவர்களும் உளர்.