மிதிவண்டிப் பயணமும் கட்டுச்சோறும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நாலைந்து பேருடன் மிதிவண்டியில் நெடுந்தூரம் போய் வருவது என் வழக்கம். "வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும்! தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியே சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஈப்போ வரை 120 கிலோமீட்டருக்கு மேல் மிதித்துப் பாருங்கள். வண்டியை மிதிப்பது கால் என்றாலும், காலுக்குப் பலம் தருவது வயிறுதான் என்பது புரியும்.

ஒருமுறை சிலிம் ரிவரைத் தாண்டியதும், எங்களுடன் வந்த தம்பி ஒருவன் வண்டியோடு சாலையோரம் சாய்ந்துவிட்டான். கை நடுக்கம், தலைச்சுற்றல். விசாரித்தால், விடியற்காலையில் ஒரு குவளை கோப்பியோடு கிளம்பியவனாம்! செம்பனை நிழலில் உட்காரவைத்து, சட்டையை நனைத்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். இரண்டு வாழைப்பழம் தின்றபின் தெளிந்தான். அவன் தாய்க்கு ஒரே பிள்ளை. அந்த அரை மணி நேரம் என் நெஞ்சு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குத்தான் போதும். ஆகவே பசி எடுக்குமுன் சாப்பிட வேண்டும். தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும்.

புறப்படுமுன் இட்லி, தோசை, ரொட்டி என்று எளிதில் செரிக்கும் பசியாறல் அவசியம். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் ருசிதான். ஆனால் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் வயிற்றில் கனக்கும். அவற்றை ஊர் போய்ச் சேர்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மணிக்கொரு தரம் ஓரிரு வாழைப்பழம், அல்லது நான்கைந்து பேரீச்சம்பழம், அல்லது நன்றாக அவித்த மரவள்ளிக்கிழங்கு போதும். ஜப்பான்காரன் காலத்தில் (1942–45) நம் பெரியவர்கள் வேறு வழியின்றித் தின்ற அந்தக் கிழங்கு, மிதிவண்டிக்காரனுக்கு அருமையான உணவு! மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் சோற்றைப்போல் அது வெயிலில் சீக்கிரம் கெடாது. பீடோர் போனால் அந்த ஊர்க் கொய்யாவை உப்புத் தொட்டுத் தின்னாமல் வராதீர்கள்.

கால் மணிக்கு ஒரு தடவை நாலு மிடறு தண்ணீர் குடியுங்கள். நம் நாட்டு வெயிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ஆறவைத்த கொதிநீர் ஒரு லிட்டரில், தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து, எலுமிச்சை பிழிந்து ஒரு போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். செலவு சில காசுதான். பீர், சம்சு தாகம் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; அவை உடம்பின் நீரை மேலும் இறக்கிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிக் கிளம்பவே கூடாது.

வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால், நினைவு தடுமாறினால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, உடனே 999-ஐ அழையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை புறப்படும்போது சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பையில் சோறும் தண்ணீரும் இருக்கின்றனவா என்றும் ஒரு தடவை பார்த்து அனுப்புங்கள்.