ஸ்ரோங்கான போல்ட் எண்டா என்ன?

கராஜுக்குப் போகிற ஆக்கள் அடிக்கடி சொல்லுகிற வசனம் ஒன்று இருக்கு: "நல்ல ஸ்ரோங்கான போல்டாப் பாத்துப் போட்டு விடுங்கோ அண்ணை." எல்லா இடத்துக்கும் அது சரி வராது. குறிப்பாக டேர்போவும் புகைக்குழாயும் சேருகிற இடத்துக்குச் சரி வராது. இதை எங்களுக்குப் படிப்பிச்சது எங்கட வான்தான்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய டீசல் வான் ஓட்டுகிறோம். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சனி ஞாயிறில் ஹயர். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட அஞ்சு வருசமும் எங்களைப்போல ஆக்களுக்கு இருக்கிறதைத் திருத்தி ஓடுவதுதான் ஒரே வழி. இப்ப வாகனங்கள் வருகுதுதான். ஆனால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து பழைய வானுக்கே ஒயில் மாத்துகிறோம்.

அந்த வானில் டேர்போவுக்குக் கீழே இருக்கிற மூட்டு ஒரு வருசத்துக்குள் ரெண்டு தடவை விட்டது. காலமை ஸ்டார்ட் பண்ணினால் "டிக் டிக்" எண்டு ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். இரண்டாம் தடவை, முன் சீற்றில் இருந்த ஒரு பிள்ளை, "அண்ணா, இண்டைக்குப் புகை மணக்குது" எண்டு சொன்னது. இந்த மாதிரி வான்களில் எஞ்சின் இருப்பது முன் சீற்றுக்குக் கீழே. மூட்டு விட்டால் புகை உள்ளுக்கு வரும். மணக்கிற புகையோடு மணமே இல்லாத காபனோரொட்சைட்டும் வரும். எட்டு வயதுப் பிள்ளை அதுக்கு மேலே இருக்கும்போது இதைச் சின்ன வேலை எண்டு விட ஏலாது.

முதல் தடவை ஒரு கராஜில் நாகம் பூசின 8.8 போல்டும், உள்ளே நைலோன் வளையம் வைச்ச நட்டும் போட்டார்கள். இரண்டாம் தடவை வேறொரு இடத்தில், "இது துருப்பிடிக்காது" எண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார்கள். இரண்டுமே கடையில் பார்க்கும்போது பளபளவென்று நல்லாத்தான் இருந்தன.

மூன்றாவதாகப் போன கராஜில்தான் ஒரு அண்ணை கழட்டின போல்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"தம்பியவை, தலையில இருக்கிற நம்பர் குளிருக்குள்ள அளந்தது. இது இருக்கிறது அடுப்புக்குள்ள."

அந்த நம்பரில் முதல் இலக்கத்தை நூறால் பெருக்கினால் இழுவை வலிமை மெகாபாஸ்கலில் வரும். 8.8 எண்டால் 800, 12.9 எண்டால் 1200. இது அறை வெப்பநிலைக்குரிய கணக்கு. இந்தப் போல்டுகளுக்குப் பலம் வருவது சூடாக்கி, குளிர்வித்து, பிறகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பதப்படுத்துவதால். 400 பாகை செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் அந்தப் பதம் கலையத் தொடங்கும். பாரம் ஏற்றி ஓடும் டீசல் எஞ்சினில் டேர்போவுக்குப் போகிற வாயு 700 பாகையைத் தொடலாம். பெற்றோல் டேர்போவில் 900 ஐயும் தாண்டும். போல்ட் வாயுவின் அளவுக்குச் சூடாகாது, ஆனால் வெகு தூரத்திலும் இல்லை. நாகம் 419 பாகையில் உருகும். நைலோன் வளையத்தின் எல்லை 120 பாகை அளவுதான். முதல் நட்டில் வளையம் இருந்த இடத்தில் கறுப்புப் பொடிதான் மிச்சம்.

சரி, ஸ்டெயின்லெஸ் ஏன் விட்டது? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த ஆக்களுக்கு விரிகைத்திறன் ஞாபகம் இருக்கும். வழமையாகக் கிடைக்கிற ஸ்டெயின்லெஸ், டேர்போவின் வார்ப்பிரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். மூட்டின் தடிப்பு 40 மில்லிமீற்றர் எண்டும், இரண்டும் 500 பாகை சூடாகுது எண்டும் வையுங்கோ. இரும்பு 0.22 மில்லிமீற்றர் விரிய, போல்ட் 0.34 விரியும். வித்தியாசம் 0.12. ஒரு போல்டை இறுக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரிக் கொஞ்சம் நீளும். அந்த நீட்சிதான் மூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த அளவு போல்டில் அந்த நீட்சியே 0.12 ஐ விடக் குறைவு. அப்ப எஞ்சின் சூடாகினதும் பிடி போய்விடும். ஆறினதும் திரும்ப இறுகின மாதிரி இருக்கும். அதனால்தான் காலமை சாவி போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் "இறுக்கமாத்தானே இருக்கு" எண்டு சொன்னார்கள். இன்னொரு கரைச்சல்: ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்டும் புரியோடு புரி பற்றிப் பிடித்துக்கொள்ளும். கழட்டப் போனால் முறியும்.

அண்ணை முதலில் செய்தது போல்ட் தேடுவதில்லை. வானுக்குக் கீழே படுத்து, புகைக்குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். குழாயைத் தாங்குகிற றப்பர் ஒன்று அறுந்து கிடந்தது. முழுக் குழாயின் பாரத்தையும் அந்த மூட்டே சுமந்திருக்கு. றப்பரை மாத்தினார். பிறகு மூட்டின் முகத்தில் நேரான உருக்குச் சட்டம் ஒன்றை வைத்து, வளைவு இருக்கா எண்டு பார்த்தார். அதுக்குப் பிறகுதான் ஸ்டட்.

வாகனத்துக்கெண்டே செய்த, வெப்பம் தாங்குகிற உருக்கு ஸ்டட்டைப் பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் எடுப்பித்தோம். இப்படியான ஸ்டட்டுகளில் குரோமியமும் மொலிப்தீனமும் கலந்திருக்கும். ரேஸ் கார்களுக்கு இன்கொனெல் எண்ட நிக்கல் கலப்புலோகத்தில் போடுவார்கள். விலை எங்கட பக்கம் வராது, எங்கட வானுக்குத் தேவையும் இல்லை. நட்டுக்குச் செம்பு பூசின, முழுதும் உலோகமான லொக் நட். வாய் லேசாக நெரிந்திருக்கும், அந்த நெரிவுதான் பூட்டு. செம்புப் பூச்சு நட்டை ஸ்டட்டோடு ஒட்ட விடாது. பழைய பிரித்தானியக் கார்களில் இதே இடத்தில் பித்தளை நட் போட்டதும் இதுக்குத்தான்.

புரியில் நிக்கல் பசை கொஞ்சம் பூசினார். பசை பூசினால் உராய்வு குறையும், அதே விசையில் இறுக்கினால் கூடுதலாக இறுகிவிடும் எண்டு சொல்லி, அதுக்கேற்ற மாதிரிக் குறைத்து இறுக்கினார்.

"பூட்டுறது பெரிய வேலையில்லை. நாளைக்கு ஆரோ கழட்டோணும். அவன் என்னைப் பேசக்கூடாது."

எங்களுக்கு இது கராஜுக்கு மட்டும் உரிய கதையாகத் தெரியவில்லை. தட்டுப்பாட்டிலேயே வளர்ந்த ஊர் இது. கிடைச்சதைப் போட்டு ஓடிக்காட்டுவதைத் திறமை எண்டு கொண்டாடப் பழகியிருக்கிறோம், அது திறமைதான். ஆனால் அந்த அண்ணையிடம் இருந்தது அதைவிடப் பெரிசு. எது எங்கே ஏன் தாங்கும் எண்ட அறிவு அது. அதுக்கு அவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. எங்கட வீடுகளில் இண்டைக்கும் "படிக்காட்டிக் கராஜுக்குத்தான் போவாய்" எண்டுதான் பிள்ளைகளை வெருட்டுகிறார்கள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அந்த மூட்டைக் கழட்ட வேண்டி வந்தது. முதல் சுற்றுக்கு மட்டும் ஸ்பானர் தேவைப்பட்டது, மிச்சம் கையாலேயே வந்தது. கரி இல்லை, சத்தம் இல்லை. நட்டுக்கு மட்டும் புதுசு போட்டோம். நெரிந்த வாய் நட்டை ஒருக்காக் கழட்டினால் மாத்தவேணும் எண்டு அண்ணை முதலே சொல்லியிருந்தார்.

அடுத்த முறை கராஜில் நிற்கும்போது "ஸ்ரோங்கா" எண்டு கேட்காதையுங்கோ. இது எவ்வளவு சூடு தாங்கும், சூட்டில் எவ்வளவு விரியும், திரும்பக் கழட்ட ஏலுமா எண்டு கேளுங்கோ. ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.