ஆற்றோரப் பாதை

திருப்பாடல்களில் சீயோன் ஒரு மலை; மக்கள் அதை நோக்கி ஏறிச் செல்கின்றனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சீயோன் ஒரு பள்ளத்தாக்கு. 1860களில் அங்குக் குடியேறிப் பயிர் செய்த ஐசக் பெஹுனின் என்ற மோர்மன் சபையினர் அதற்கு அப்பெயரை இட்டார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது பையூட் பழங்குடி மக்களின் நிலம். 1919ஆம் ஆண்டில் அது சீயோன் தேசியப் பூங்கா ஆயிற்று.

மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அங்கே போனோம். சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறும் ஒரு பாறை முகடு அங்கு உண்டு. 'வானதூதர் இறங்குமிடம்' என்பது அதன் பெயரின் பொருள். அதில் ஏறவேண்டும் என்பது என் ஆசை. "அம்மாவின் முழங்காலுக்கு ஆற்றோரப் பாதைதான் சரி, அப்பா. நீங்களும் அவர்களோடு போங்கள்" என்றாள் மகள். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தேன்.

பூங்காவின் பேருந்து கடைசி நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து வெர்ஜின் ஆற்றின் கரையோரமாகத் தளமிட்ட பாதை செல்கிறது. போய்வர மூன்றரைக் கிலோமீட்டர். ஏற்றம் 60 அடிகூட இல்லை. இருபுறமும் செம்பாறைச் சுவர்கள் ஆயிரம் அடிக்கும் மேலாக எழுந்து நிற்கின்றன. சிறு குழந்தைகளும் முதியோரும் நடக்கும் வழி அது. எனக்கு அதுவே குறையாகப்பட்டது.

"நீங்கள் முன்னே போங்கள். நான் மெல்ல வருகிறேன்" என்றாள் என் மனைவி. நான் போய்விட்டேன்.

பாதை முடியுமிடத்தில் ஆறு மட்டுமே இருக்கிறது. அப்பால் செல்வோர் கையில் கோலுடன் நீருக்குள்ளேயே இறங்கி நடக்கின்றனர். அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் ஆயிற்று, அவள் வரவில்லை. விழுந்திருப்பாளோ என்ற எண்ணம் வந்ததும் வந்த வழியே ஓடினேன்.

பாதி வழியில், நீர் கசியும் ஒரு பாறைச் சுவரின் முன் அவள் நின்றிருந்தாள். சுவர் முழுவதும் பச்சைப் பெரணிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இந்தத் தண்ணீர் மழையாய் விழுந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறதாம். நான் கொஞ்சம் தாமதித்ததற்கா இப்படி ஓடி வருகிறீர்கள்?" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது உண்மைதான். அந்தப் பாறை ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேடு. மேலே பெய்யும் மழை மணற்கல்லின் நுண்துளைகள் வழியே சிறிது சிறிதாக இறங்குகிறது. அடியிலுள்ள கெட்டியான பாறைப்படிவம் அதை மேலும் கீழே விடுவதில்லை. எனவே நீர் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர் வழியே கசிந்து, அந்தத் தொங்கு தோட்டங்களை வளர்க்கிறது. அந்த ஈரத்தில் ஒரு சிறிய நத்தை வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. இவற்றையெல்லாம் நான் கடந்துதான் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை.

'நீங்கள் முன்னே போங்கள்' என்ற வாக்கியத்தைத் திருமணமான நாள் முதல் கேட்டுவருகிறேன். கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் மருத்துவமனை வாசலிலும் அதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன். வலியை மறைத்து அவள் சொன்ன சொல் அது என்பது அந்தச் சுவரின் முன்தான் உறைத்தது. காத்திருந்தது நான் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.

"திரும்பிவிடலாமா?" என்று கேட்டேன்.

"முடிவு வரை வருகிறேன். நீங்கள்..." என்று தொடங்கியவள், நான் கையை நீட்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் நடைக்கு என் நடையைக் குறைத்தேன். அது எளிய பாதைதான். ஆனால் மெல்ல நடப்பது எனக்கு எளிதாக இல்லை. பலமுறை என் கால்கள் தாமாகவே முந்தின. ஆற்றங்கரையை அடைந்தபோது, சற்றுமுன் தனியே நின்ற இடத்தில் இருவருமாக அமர்ந்தோம்.

ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பயிற்சி தொடர்கிறது. முன்பெல்லாம் காலைத் திருப்பலிக்கு நான் முதல் ஆளாய்ப் போய் அமர்ந்திருப்பேன். அவள் பின்னால் வந்து சேர்வாள். இப்போது ஒன்றாகப் போகிறோம். சில நாள்களில் வருகைப் பாடல் முடிந்துவிடுகிறது.