விரல் குட்டையா, நெக் அகலமா?

கிட்டார் வாங்கி மூணு மாசத்துல அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டவங்க உங்க ஹாஸ்டலில் எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. எங்க மாடியில் மட்டும் நாலு பேர். ஏன் விட்டீங்கன்னு கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எனக்கு விரல் பத்தலப்பா." யாருமே "எனக்கு இந்த கிட்டார் சரிவரல" என்று சொல்வதில்லை. செருப்பு கடித்தால் செருப்பை மாற்றுகிறோம், காலைத் திட்டுவதில்லை. கிட்டார் கடித்தால் மட்டும் கையைத் திட்டிக்கொள்கிறோம்.

எனக்கும் சின்னக் கைதான். விரல்களை முழுசா விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 18 செ.மீ. முதல் கிட்டார் வாங்கப் போனபோது கடை அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, "யுகுலேலி எடுத்துக்கோயேன் பாப்பா" என்றார். நான் கிட்டார்தான் எடுத்தேன். ஆனால் அதற்கு முன் அங்கே இருந்த ஏழெட்டு கிட்டாரையும் கையில் பிடித்துப் பார்த்தேன். பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், பிடித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அந்த 'ஒவ்வொரு மாதிரி'க்கு எண் கிடைத்தது மெக்கானிக்கல் சேர்ந்து, மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிப்பர் பிடித்த பிறகுதான். வாங்க, அளந்து பார்ப்போம்.

முதலில் அகலம். கிட்டாரின் தலையும் நெக்கும் சேரும் இடத்தில் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை இருக்குமே, அதன் பெயர் நட். நெக் எவ்வளவு அகலம் என்பதை அந்த இடத்தில்தான் சொல்வார்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் அது வழக்கமாக 52 மி.மீ. நம்மில் பலர் ஆரம்பிக்கிற யமஹா எஃப்310 அகவுஸ்டிக்கில் 43 மி.மீ. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 42க்கும் 43க்கும் நடுவில். 'ஒன்பது மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். ஓரங்களைக் கழித்துவிட்டு, ஆறு கம்பிக்கு நடுவில் இருக்கும் ஐந்து இடைவெளிகளுக்கு அதைப் பங்கு போடுங்க. 43 மி.மீ. நெக்கில் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் சுமார் 7 மி.மீ., 52ல் சுமார் 8.5 மி.மீ. ஜி மேஜர் பிடிக்க ஒரு விரல் ஆறாவது கம்பி வரை போகணும், அதுவும் நடுவில் இருக்கும் கம்பிகளைத் தொடாமல். ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போனால் கடைசியில் மணிக்கட்டுதான் வளையும்.

கிளாசிக்கல் நெக் அகலமாக இருப்பது வேண்டுமென்றே செய்ததுதான். அந்த இசையில் வலது கை விரல்கள் தனித்தனிக் கம்பியைத் தனித்தனியாக மீட்டும். அதற்கு இடம் வேண்டும். இடது கையிலும் தடித்த விரல் உள்ளவங்களுக்கு அந்த அகலம் வரம். ஏ மேஜரில் மூணு விரலும் ஒரே ஃபிரெட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கணும். பெரிய கைக்காரர் 42 மி.மீ. நெக்கில் அதைப் பிடிப்பது ஆறு பேர் ஒரே ஆட்டோவில் போகிற மாதிரி. ஆக, சின்ன நெக் நல்லது, பெரிய நெக் கெட்டது என்று எதுவும் இல்லை.

இப்போ எங்க மியூசிக் கிளப்பில் நடந்த ஒன்று. போன வருஷம் சிவில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கிளாசிக்கல் கிட்டாரோடு வந்தாள். "நைலான் கம்பி மெத்துனு இருக்கும், ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுதான் நல்லது" என்று யாரோ சொல்லி வாங்கியது. சொன்னதில் பாதி உண்மை: விரல் நுனிக்கு நைலான் மெத்துதான். ஆனால் கூடவே 52 மி.மீ. நெக்கும் வரும் என்பதைச் சொல்லவில்லை. நாலு மாசம் போராடிவிட்டு, "எனக்கு விரல் குட்டைக்கா. கீபோர்டு கத்துக்கறேன்" என்றாள். அவள் அப்பா ஒரு மாசச் சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. விற்றுவிடலாமா என்று கேட்கும்போது அவள் குரல் சரியாக இல்லை.

கிளப்பின் 43 மி.மீ. அகவுஸ்டிக்கைக் கையில் கொடுத்தோம். சி மேஜரும் ஜி மேஜரும் அன்றைக்கே சுத்தமாகக் கேட்டன. சினிமா மாதிரி எல்லாம் மாறிவிடவில்லை. ஸ்டீல் கம்பி அவள் விரல் நுனியைப் புண்ணாக்கியது, எஃப் மேஜர் வர இன்னும் மூணு வாரம் ஆனது. ஆனால் "எனக்கு வராது" என்ற பேச்சு அன்றோடு நின்றது. அவள் விரல் ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை என்பதை நினைவில் வையுங்க.

அடுத்தது தடிமனும் வடிவமும். நெக்கைக் குறுக்காக வெட்டினால் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பதைச் சி, டி, யு, வி என்று ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல்வார்கள். வேகமாக வாசிக்கிறவர்களுக்காக ஐபனெஸ் செய்யும் விசார்ட் நெக் முதல் ஃபிரெட்டில் 17 மி.மீ.தான். சாதாரணமாக மற்ற கிட்டார்களில் 20, 21 வரும். எரிக் கிளாப்டன் பெயரில் வரும் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வி வடிவம்.

'சின்னக் கைக்கு ஒல்லி நெக்' என்று முடிவு கட்டிடாதீங்க. செமஸ்டர் பரீட்சையில் மூணு மணி நேரம் எழுதும்போது ஒல்லிப் பேனா கையை எப்படிக் கடுக்க வைக்கும்? பேட் கைப்பிடியில் ரெண்டு கிரிப் மாட்டிக்கொள்கிற பேட்ஸ்மேனைப் பார்த்திருப்பீங்க. பிடி ரொம்ப ஒல்லியாக இருந்தால் கை இறுக மூடி, கூடுதல் பலம் போட்டு அழுத்துகிறது. உள்ளங்கை நிறைகிற நெக்கில் கை தளர்வாக இருக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மாதிரிக் கட்டைவிரலை மேலே கொண்டு வந்து ஆறாவது கம்பியை அழுத்த ஆசையா? அப்போ தடித்த நெக் இடிக்கும். கட்டைவிரலைப் பின்னால் நடுவில் வைத்து வாசிப்பீங்களா? தடிமன் அவ்வளவு தொந்தரவு செய்யாது.

மூணாவது நீளம். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளத்துக்கு ஸ்கேல் என்று பெயர். ஃபெண்டரில் 648 மி.மீ., கிப்சன் லெஸ் பாலில் சுமார் 628. ஸ்கேலை 17.817ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் இருக்கும் தூரம் வரும். மீதி நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட். இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் கம்பி சரிபாதி ஆகியிருக்கும், சுருதி ஒரு ஸ்தாயி ஏறியிருக்கும். 648ல் முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது வரை 97 மி.மீ., 628ல் 94. மூணு மில்லிமீட்டர் விரலுக்குக் கொஞ்சம்தான். ஆனால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது (ஃபிசிக்ஸ் முதல் செமஸ்டர், மறந்திருக்க மாட்டீங்க). அதே கம்பி, அதே சுருதி என்றால் சின்ன ஸ்கேலில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறையும். கம்பி விரலுக்கு இளகிக் கொடுக்கும். எட் ஷீரன் மேடையில் வாசித்த குட்டி மார்ட்டினின் ஸ்கேல் 584 மி.மீ.தான். அதை யாரும் குழந்தை கிட்டார் என்று கேலி செய்யவில்லை.

ஃபிரெட்போர்டின் மேல்பக்க வளைவும் ஒரு கணக்கு. பழைய ஃபெண்டரில் அதன் ஆரம் 184 மி.மீ., கிப்சனில் 305, கிளாசிக்கலில் தட்டை. வளைவு அதிகமானால் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைப்பது சுலபம், ஆனால் கம்பியைத் தள்ளி வளைக்கும்போது சத்தம் செத்துப்போகலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்று: உங்க பிரச்சினை நெக்காகவே இல்லாமலும் இருக்கலாம். புது கிட்டார்களில் நட்டின் பள்ளம் ஆழமாக வெட்டாமல் கம்பி உயரமாக நிற்பது சகஜம். பார் கார்டை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்துப் பாருங்க. அங்கே வருது, முதல் ஃபிரெட்டில் மட்டும் உயிர் போகுது என்றால் நட்டைச் சந்தேகப்படுங்க. ஒரு கம்பியை மூணாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்க. முடி அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் இருந்தால் நல்ல ரிப்பேர்காரரிடம் காட்டுங்க. அடுத்து, ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து நெக்கைச் சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் நெக் வில் மாதிரி வளையும். அதை நிமிர்த்த உள்ளே ட்ரஸ் ராடு என்று ஒரு கம்பி இருக்கு. அலன் கீ கையில் இருக்கேன்னு மெக்கானிக்கல்காரங்க உடனே கிளம்பாதீங்க. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது.

வலியிலும் ரெண்டு வகை உண்டு. விரல் நுனி எரிச்சல் சில வாரத்தில் தோல் காய்த்துப் போய்விடும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால் 'பழகிடும்' என்று பல்லைக் கடிக்காதீங்க. மணிக்கட்டு ரொம்ப மடங்கினால் உள்ளே ஓடும் நரம்பு அழுந்தும். நெக்கைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தாலே மணிக்கட்டு பாதி நிமிர்ந்துவிடும், செலவும் இல்லை.

"ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெண்டு விரலை வைச்சு வாசிக்கலையா? நீ என்ன நெக்கைக் குறை சொல்றே?" என்று சிலர் கேட்பாங்க. 1928ல் தீ விபத்தில் ஜாங்கோவின் இடது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் பாழானது உண்மை. அதன் பிறகு அவர் மற்றவர்கள் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மிச்சமிருந்த கைக்கு ஏற்ற மாதிரி வாசிக்கும் முறையையே மாற்றினார். நம்ம பக்கமும் பாருங்க. மேண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பி மேண்டலினை அப்படியே வைத்துக்கொள்ளாமல், ஐந்து ஒற்றைக் கம்பி போட்ட எலக்ட்ரிக் மேண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் நேவல் ஆர்க்கிடெக்சர் படித்த பிரசன்னா, கமகத்துக்காகவா செய்தார்கள் என்று கேட்கும்படியான கிட்டாரில் கம்பியைத் தள்ளியும் விரலைச் சறுக்கியும் ராகம் வாசிக்கிறார். ஒருத்தர் கருவியை மாற்றினார், ஒருத்தர் முறையை மாற்றினார். யாரும் கையை மாற்றவில்லை.

கடைக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் நெக்கைப் பிடிங்க. உட்கார்ந்து, ஒரு ஜி, ஒரு ஏ, ஒரு எஃப். வாசிக்கத் தெரியாவிட்டாலும் விரலை அங்கே கொண்டு போய் வைத்துப் பாருங்க. ஐந்து நிமிஷம் பிடித்த பிறகு எங்கே கடுக்குதுன்னு கவனிங்க. "எது வாங்கினாலும் பழகிடும்" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடை இருக்கு.

எங்க கிளப் அறையில் மூணு கிட்டார் இருக்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் டேப் ஒட்டி 42, 43, 52 என்று எழுதி வைத்திருக்கோம். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் வாங்க, மூணையும் பிடிச்சுப் பாருங்க. காலிப்பர் நான் கொண்டு வரேன்.