உப்பா, பேட்டரியா?

கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய கடைசி ஆண்டுகளில் சியரா லியோன் ஆய்வு ஒன்றை வகுப்பில் சொல்வேன். "ஊரைக் கூட்டி, உப்பு வேணுமா, டார்ச் பேட்டரி வேணுமான்னு கேட்டாங்க" என்றதும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். இதெல்லாம் ஆராய்ச்சியா சார்? சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த வயதில் நானும் சட்டம் வந்தால் ஊர் மாறிவிடும் என்று மேசையைத் தட்டிப் பேசியவன்தான்.

அந்த நாட்டில் 1991-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002-ல்தான் ஓய்ந்தது. வட்டாரத் தலைமைப் பதவி அங்கே சில குடும்பங்களின் சொத்து. இளைஞர்களைக் கூலியில்லாமல் வேலை வாங்குவது, நினைத்தபடி அபராதம் போடுவது என்று தலைவர்கள் சேர்த்துக்கொண்ட ஆத்திரமும் போருக்குள் வந்து சேர்ந்தது. 1972-ல் கலைத்த உள்ளாட்சி மன்றங்கள் 2004-ல்தான் திரும்பி வந்தன. அந்தச் சூட்டோடு வந்த திட்டம் 'கோபிஃபோ'. ஊருக்குச் சுமார் 4,700 டாலர். பெண்களையும் இளைஞர்களையும் சேர்த்துக் கூட்டம் போட்டுத்தான் செலவை முடிவு செய்ய வேண்டும். அதைப் பழக்கிவிட ஊர் ஊராக ஆட்கள் போனார்கள்.

காத்ரின் கேசி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், எட்வர்ட் மிகுவேல் மூவரும் பொம்பாலி, பொந்தே மாவட்டங்களில் 236 ஊர்களை எடுத்து, குலுக்கலில் பாதிக்குத் திட்டம், பாதிக்கு இல்லை என்று பிரித்தார்கள். திட்டம் முடிந்தபின் எல்லா ஊருக்கும் ஆட்கள் போய், உப்பா பேட்டரியா என்று கேட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்கள். எத்தனை பெண்கள் வாய் திறந்தார்கள், பெரியவர்கள் நாலு பேர் தனியே போய்க் குசுகுசுவென்று முடித்துவிட்டு வந்தார்களா, எல்லாம் குறிப்பு. கூடவே ஒரு பெரிய தார்ப்பாய் இனாம். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், சில ஊர்களில் அதை யாரும் பயன்படுத்தவே இல்லை. கேள்வித்தாளில் எல்லாரும் சமம் என்று சொல்லிவிடலாம். உப்புக்கு முன்னால் நடிப்பது கஷ்டம்.

2012-ல் முடிவு அச்சானது. தானியம் உலர்த்தும் களம், கழிப்பறை என்று வசதிகள் கூடியிருந்தன. கூட்டத்தில் பேசியவர்கள் மட்டும் திட்டம் வந்த ஊரிலும் வராத ஊரிலும் ஒரே மாதிரி.

எனக்குப் பிடித்தது வேறு. என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை 2005-லேயே எழுதிவைத்திருந்தார்கள். கேட்ட கேள்விகளோ 300-க்கும் மேல். அதில் நாலைந்தை மட்டும் பொறுக்கினால், திட்டம் ஊரைத் திருத்திவிட்டது என்றும் காட்டலாம். வேறு நாலைந்தை எடுத்தால் கெடுத்துவிட்டது என்றும் காட்டலாம். அவர்களே இரண்டு பட்டியலையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்! வயதான காலத்தில் இது கொஞ்சம் சுருக்கென்றது. "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று வீட்டில் ஆரம்பித்தால், "எங்கேயாவது எழுதி வெச்சீங்களா?" என்பாள் மனைவி. பலித்தது மட்டும் ஞாபகத்தில் நிற்கிற வியாதி எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அப்போ அந்தப் பணம் வீண்தானே சார்?" பத்தாண்டு தாண்டித் திரும்பப் போய்ப் பார்த்தபோதும் வசதிகளின் பலன் நின்றிருந்தது அம்மா, என்றேன். பாட்டன் காலத்திலிருந்து தலைவர் முன்னால் வாய் பொத்தி உட்கார்ந்த ஜனம், நாலு வருடக் கூட்டத்தில் எழுந்து பேசிவிடும் என்று கணக்குப் போட்டது அந்த ஊர்க்காரர்கள் இல்லையே. களத்துக்கு மார்க் போடும்போது களத்தைப் பார்த்துப் போடு.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடப் பிள்ளைகளும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.