விமானத் திடலில் ஒரு மொழிப்பள்ளி

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலம் வெயில் காயும் பாலைநிலம். அதன் தலைநகரான பீனிக்சை அடுத்த கிளெண்டேலில், இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளைப் பயிற்றுவித்த 'தண்டர்பேர்டு' என்னும் திடல் இருந்தது. போர் ஓய்ந்தபின், விமானப்படைப் பயிற்சிக்குத் தலைமை தாங்கிய தளபதி பார்ட்டன் யவுண்ட், 1946-ஆம் ஆண்டு அத்திடலிலேயே ஒரு கல்லூரியை நிறுவினார். அயல்நாட்டு வாணிகத்துக்கென்றே எழுந்த கல்லூரி அது.

அதன் பாடத்திட்டம் மூன்று தூண்களின்மேல் நின்றது: வாணிகம், பிறநாட்டாரின் வரலாறும் வாழ்வும், மொழி. தெற்கே பரந்து கிடக்கும் இலத்தீன் அமெரிக்கச் சந்தையை நோக்கியவர்க்கு ஸ்பானியம் இன்றியமையாததாயிற்று.

"கணக்கறிந்த வணிகனுக்கு மொழி எதற்கு? ஒரு துபாஷி போதாதா?" என்று சிலர் வினவலாம். ஒன்று கேளுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் 'பில்லியன்' என்பது நூறு கோடி; ஸ்பானியத்தில் 'பில்யோன்' என்பதோ லட்சம் கோடி. இதை அறியாதவன் எழுதும் ஒப்பந்தத்தில் ஆயிரம் மடங்கு பிழை நேரும். அன்றியும், நம் தமிழில் 'நீ', 'நீங்கள்' என்பது போல ஸ்பானியத்திலும் 'தூ', 'உஸ்தேத்' என இரு சொற்கள் உண்டு. முதியவரிடம் முந்தையதைச் சொன்னால் கணக்குச் சரியாயிருந்தும் மனம் முறியும். இவற்றை அகராதி மட்டும் கற்பிக்காது. வாயாரப் பேசிப் பழக வேண்டும்.

வணிகர் அடிக்கடி கடக்கும் எல்லைகளில் போர்வீரருக்கு வேலை அரிது என்பது அக்கல்லூரியில் வழங்கிய கருத்து. இனிய கருத்தே. ஆயினும், வணிகக் கப்பலின் பின்னே பீரங்கியும் வந்ததை நம் கடற்கரை ஊர்கள் கண்டிருக்கின்றன. எனவே வாணிகம் மட்டும் அமைதி தராது. மொழியை எந்த மனத்தோடு கற்கிறோம் என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடுவோர், அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல் பயணம் செய்தால் போதும். தூசான் நகரருகே வெண்ணிறக் கோவில் ஒன்று பாலையில் ஒளிர்கிறது. அதன் பாதுகாவலர் நம் புனித சவேரியார்! 1692-இல் அம்மறைத்தளத்தை நிறுவியவர் இயேசு சபைக் குரு யூசேபியோ கீனோ. இன்றுள்ள கோவில் 1783 முதல் 1797 வரை கட்டப்பெற்றது. கீனோ அடிகள் தீரோல் மலைநாட்டவர். ஸ்பானியமே அவருக்குக் கற்ற மொழிதான். அத்தோடு நில்லாமல் அம்மண்ணின் பீமா மக்களின் மொழியையும் கற்றார். கோதுமை விதையும் மாட்டு மந்தையும் அவர்களுக்குக் கொணர்ந்தார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

கோவிலுக்குப் பெயர் தந்த சவேரியாரும் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மொழி தெரிந்தோரின் துணைகொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தாரன்றோ?

தண்டர்பேர்டு கல்லூரி பின்னர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 2018-இல் கிளெண்டேலை விட்டுப் பீனிக்சு நகர்க்குப் பெயர்ந்தது. இடம் மாறினாலும் அது தொடக்கத்தில் உணர்த்திய பாடம் மாறவில்லை.

அன்புப் பெற்றோரே, உங்கள் மக்கள் வணிகவியல் கற்கட்டும். பொருளீட்டக் கடல் கடக்கட்டும். செல்லுமுன் அந்நாட்டு மொழியையும் கற்கச் செய்யுங்கள். விற்பதற்கு நூறு சொற்கள் போதும். அடுத்திருப்பவன் தன் துயரைச் சொல்லும்போது புரிந்துகொள்ள, அவன் மொழி முழுதும் வேண்டும்.